மூடாத கண்

அவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நிலாவெளியிலிருந்து மூதூர் வரைக்கும் படகுக்கார வீடுகளில் ஆளைத் தெரிந்துவிடும். ஆளைத் தெரிந்தால் என்னையும் தெரிந்துவிடும். அவருக்காகத்தான் பெயரை மறைக்கிறேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அவரோடு எட்டு வருடம் ஒரே அறையில் வேலை செய்தவளுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. எனக்காகத்தான் மறைக்கிறேன்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சொந்த ஊர் கட்டைபறிச்சான். கலியாணம் கட்டவில்லை. டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். துறைமுகப் பக்கம் எங்கள் படகுச் சங்கத்தின் மேல்மாடியில் வயர்லெஸ் செற் வைத்திருந்த சின்ன அறைதான் எங்கள் இருவருக்கும் வேலைத்தலம். ஆழ்கடலுக்குப் போய் மூன்று நான்கு வாரம் நிற்கிற படகுகளோடு அக்கா அதில் கதைப்பார். எந்தப் படகு எங்கே நிற்கிறது, எப்போது திரும்புகிறது என்று அவர் சொல்லச் சொல்ல நான் புத்தகத்தில் எழுதுவேன்.

படகுக்காரரின் மனைவிமார் படியேறி வந்து கேட்பார்கள். கதைத்த படகென்றால், "கதைச்சவை. சுகம்" என்பார் அக்கா. கதைக்காத படகென்றால், "கதைக்கேல்லை" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. முகம் பார்த்துச் சொல்கிற பழக்கம் அவரிடம் இல்லை. இல்லாததைச் சொல்லி ஒரு ஆளை வாசல்வரை நடத்தி அனுப்ப அவருக்கு ஏலவே ஏலாது.

ஒருமுறை மூதூரிலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய புருசன் போன படகு மூன்று நாளாகப் பதில் தரவில்லை.

"எங்கட ஆக்கள்ர படகு கதைச்சிச்சா புள்ள?"

"மூண்டு நாளாய்க் கூப்பிடுறன். பதில் இல்லை" என்றார் அக்கா.

"ஒண்டும் நடந்திருக்காதுதானே?"

"அது எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் படியில் குந்திவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, "செற் பழுதாய் இருக்கும். நாளைக்கோ நாளண்டைக்கோ வந்திடுவினம், பயப்பிடாதேங்கோ" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு என்மேலேயே ஒரு நல்ல எண்ணம் வந்தது.

அவர் போனதும் அக்கா கேட்டார்: "செற் பழுது எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"சும்மா, ஒரு ஆறுதலுக்கு..."

"படகு வராட்டில் அவ இந்தப் படியாலை திரும்பவும் ஏறி வருவா. அண்டைக்கு நீ என்ன சொல்லுவாய்?"

அந்த மூன்று நாளும் அக்கா சாப்பாட்டுக்குக்கூடச் சரியாக எழும்பவில்லை, அரை மணிக்கு ஒருதரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்பதை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. ஆறாம் நாள் இன்னொரு படகு அந்தப் படகை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. செற்றுக்குள் உப்புத்தண்ணீர் போயிருந்ததாம். நான் அக்காவைப் பார்த்தேன். பார்த்த பார்வை அவருக்கு விளங்கிவிட்டது.

"நீ சொன்னது சரியாய்ப் போச்சு. ஆனா நீ தெரிஞ்சு சொல்லேல்லை" என்றார்.

எனக்குக் கோபம். கல்நெஞ்சுக்காரி என்று என் புருசனிடம் சொன்னேன். அவர் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். வருகிற நாளெல்லாம் அக்காவைப் பற்றி ஏதாவது குறை சொல்வேன். அந்த வருடம் புதிதாக ஒரு குறையும் சேர்ந்தது: கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அவருடைய இடப்பக்கம்தான் இருந்தேன். இரண்டுதரம், மூன்றுதரம் கூப்பிட வேண்டும். பெரிய ஆள் ஆகிவிட்டா என்று சங்கத்தில் மற்றவர்களிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஒரு நாள் காலையில் ரெலிபோன் அடித்தது. அக்காவுக்கு வலக்கையால் எழுத வேண்டியிருந்ததால் எப்போதும் இடது காதில்தான் வைப்பார். வைத்தார். "ஹலோ, ஹலோ" என்றார். "போன் செத்துப்போச்சு" என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் காதில் வைத்தேன். நிலாவெளியிலிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "கேக்குதே அக்கா" என்றேன். அவர் திருப்பி வாங்கினார். இந்த முறை வலது காதில் வைத்தார். அந்த ஆள் சொன்னதை முழுதாகக் கேட்டு, எனக்குச் சொல்லி எழுதுவித்து, போனை வைத்தார். பிறகு சொன்னார்:

"போன் இல்லை. என்ர காது."

ஒரு வருடமாக அந்தக் காதுக்குள் படகு எஞ்சின் மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். வயர்லெஸ் இரைச்சலோடு இருந்து பழகியதால் வந்தது என்று நினைத்திருந்தாராம். டவுன் ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பி, ஸ்கான் எடுத்தார்கள். கேட்கிற நரம்பிலே ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் வளர்ந்து மூளையின் தண்டை அமத்தத் தொடங்கியிருந்தது. வெட்டி எடுக்க வேண்டும். இடக்கன்னம் ஏற்கனவே பல் பிடுங்க ஊசி போட்டதுபோல விறைக்கத் தொடங்கியிருந்தது. அதையும் அவர் எங்கள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

வெட்டப்போகிற டாக்டரிடம் நானும் கூடப் போயிருந்தேன். அக்கா கேட்டார்: "என்னென்ன போகும் டாக்குத்தர்?"

"அந்தக் காது போகும். அது நிச்சயம். முகத்து நரம்பு கட்டியோட ஒட்டித்தான் போகுது. அதைக் காப்பாற்றப் பார்ப்பம். உறுதி சொல்ல ஏலாது."

வெளியே வந்ததும், "நல்ல டாக்குத்தர். உறுதி சொல்லேல்லை" என்றார் அக்கா. உண்மையாகவே சந்தோசப்பட்டார்.

ஒப்பரேஷனுக்கு நாள் கிடைக்க மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் அவர் ஒரு பயணத்துக்கு ஆயத்தப்படுகிற மாதிரித்தான் இருந்தார். என் மேசையைத் தூக்கித் தன் வலப்பக்கம் போடுவித்தார். ஒரு காதாலே செற்றைக் கேட்டுப் பழகினார். படியேறி வந்த பெண்கள் எல்லாருக்கும், "எனக்குத் தலையிலை ஒரு கட்டி. வெட்டப்போறன். திரும்பி வருவனோ தெரியாது. வராட்டில் இந்தப் பிள்ளையிட்டைக் கேளுங்கோ" என்று என்னைக் காட்டினார். போவதற்கு முதல் வாரம் டவுன் ஸ்ரூடியோவுக்குப் போய்ச் சிரித்தபடி ஒரு படம் எடுத்தார். "இவ்வளவு சிரிக்க வேண்டாம் மிஸ், படத்துக்கு வடிவாய் வராது" என்றானாம் படம் எடுத்தவன். "வடிவுக்கில்லை தம்பி, இந்தச் சிரிப்பு இருந்தது எண்டு ஒரு அத்தாட்சிக்கு" என்றாராம்.

ஒப்பரேஷன் முடிந்து வந்தால் எங்கே தங்குவது என்ற கதை வந்தது. அக்காவின் தம்பி குடும்பம் கட்டைபறிச்சானில். அங்கிருந்து கிளினிக்குக்கு வந்துபோக வளைகுடாவைச் சுற்றி பஸ்ஸில் வரவேண்டும். சங்கத்தில் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் நான் சொன்னேன்: "என்ர வீட்டை வாங்கோ அக்கா. நான் பார்ப்பன்."

எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். புகழ்வார்கள் என்று தெரிந்துதான் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். தனியே சொல்லியிருக்கலாம்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உன்னாலை ஏலுமெண்டால் வாறன்" என்றார்.

"ஏலும்" என்றேன்.

தம்பியும் நானும் கொழும்புக்குப் போனோம். விடியவே கொண்டுபோய், பின்னேரம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் சாதாரண வார்ட்டுக்கு மாற்றியபோதுதான் என்னைக் கிட்டப் போக விட்டார்கள். காதுக்குப் பின்னால் மயிர் மழித்த இடத்தில் பெரிய கட்டு. இடப்பக்க முகம் முழுவதும் இறங்கியிருந்தது. வாயின் ஓரம் தொங்கியது. நெற்றியில் ஒரு கோடு இல்லை. இடது கண் திறந்தபடியே இருந்தது.

"முகம் எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். சொற்கள் ஒரு பக்கத்தால் ஒழுகி வந்தன.

"வீக்கம்தான் அக்கா. வத்தினால் சரியாயிடும்."

அவர் நர்ஸைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடி கேட்டார். அதை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதை வீக்கம் எண்டு சொல்லக்கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் புத்தகத்தில் பிழையாக எழுதிவிட்டால் திருத்துகிற அதே குரல்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் என்னைத்தான் கூப்பிட்டுச் சொல்லித் தந்தார். கண் மூடாது. அது மட்டுமில்லை, கன்னம் விறைத்ததுபோலக் கண்ணும் விறைத்திருக்கிறது. தூசி விழுந்தாலும் தெரியாது, காய்ந்தாலும் நோகாது. அதனால் பகலில் மணிக்கொருதரம் துளி விடவேண்டும். படுக்கும்போதெல்லாம் களிம்பு பூசி, மேல் இமையைக் கீழே இழுத்து, மூடியிருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகு பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். "பார்த்து ஒட்ட வேணும். திறந்த கண்ணிலை பிளாஸ்டர் உரஞ்சினால் கண் போயிடும்" என்று இரண்டுதரம் சொன்னார். நானும் இரண்டுதரம் தலையாட்டினேன்.

உட்துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். நேரத்துக்குச் சாப்பாடு, குளிசை, குளிக்க வார்க்கிறது, சுவரைப் பிடித்து நடக்கவைக்கிறது எல்லாம் செய்தேன். இதிலெல்லாம் ஒரு குறையும் விடவில்லை. விட்டது ஒன்றில் மட்டும்தான்.

அந்தக் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

மூடச் சொன்னால் வலது கண் மூடும். இடது கண்ணில் கருவிழி மட்டும் மேலே உருண்டு போய், வெறும் வெள்ளை நிற்கும். அதற்கு இரண்டு அங்குலத்தில் என் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். பயம் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பயமில்லை. அருவருப்பு. இந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருதரம், இரவு படுக்கும்போது ஒருதரம், களிம்பை விரல் நுனியில் எடுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கைப்பழக்கத்திலேயே பூசி, பிளாஸ்டரை ஒட்டிவிட்டு எழும்பிவிடுவேன்.

"நல்லா மூடிட்டுதோ?" என்று கேட்பார் அக்கா. "எனக்கு அந்தப் பக்கம் ஒண்டும் தெரியாது. நீ பார்த்துச் சொன்னால்தான்."

"ஓம் அக்கா. நல்லா மூடிட்டுது."

இப்படிப் பன்னிரண்டு நாள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ துளி விடும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன், கண் சிவந்திருந்தது. ஏதும் என்றால் சொல்லவேண்டிய நர்ஸின் நம்பர் அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. எடுத்துச் சொன்னால் ஒட்டுகிறது எப்படி என்று கேட்பார்கள். நான் எடுக்கவில்லை. நாளைக்கு வெளுத்துவிடும் என்று விட்டேன். அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டபோதும், "துளி விட்டதாலை சிவந்திருக்கு" என்றேன். அவருக்கு அப்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கனநேரம் பார்த்தால் தலை சுற்றும். என்னை நம்பித்தான் ஆகவேண்டும்.

பன்னிரண்டாம் நாள் மூதூரிலிருந்து அந்தப் பெண் வந்தார், ஆறாம் நாள் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்த படகுக்காரரின் மனைவி. தட்டத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். கட்டிலில் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி, நாடியைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நேரே அந்தக் கண்ணைப் பார்த்தார். பார்க்க அவருக்கு ஒரு கணம்கூட எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணுக்குள்ள வெள்ளையா ஒண்டு கிடக்கே புள்ள. நீ பார்க்கல்லயா?"

டவுன் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஒரு இளம் பெண். வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மஞ்சள் மருந்து விட்டுப் பார்த்தார். கருவிழியில் ஆழமான புண். மருந்து விடுவோம், ஆறும், ஆனால் தழும்பு நிற்கும், அந்தக் கண்ணால் இனி வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும் என்றார். பிறகு கேட்டார்: "பிளாஸ்டர் ஆர் ஒட்டிவிட்டது?"

நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னார்:

"இவ ஒழுங்காய்த்தான் ஒட்டிவிட்டவ டாக்குத்தர். எனக்கு அரிப்பு. நான்தான் கழட்டிக் கழட்டிப் போட்டனான்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார். ஒரு பஞ்சு நுனியை எடுத்து அக்காவின் இடக்கன்னத்தில் தொட்டார். "இது தெரியுதா?"

"இல்லை."

"அப்ப அரிச்சது எப்பிடி?"

அக்கா பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். முதல் தரமே பிடிபட்டுப் போனார். டாக்டர் என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் குனிந்து மருந்து எழுதினார்.

திரும்பி வருகிற ஆட்டோவில் நான் அக்காவின் இடப்பக்கம் ஏறி இருந்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்று சொன்னேன். சொன்னது அந்தச் செவிட்டுக் காதுக்கு. ஆட்டோ இரைச்சலில், அந்தப் பக்கத்திலிருந்து சொன்னால் அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் இருந்தேன். இதை இத்தனை காலத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அக்கா இன்னும் ஐந்து வாரம் என் வீட்டில் இருந்தார். அந்த ஐந்து வாரமும் நான் பார்த்துத்தான் ஒட்டினேன். மூடிட்டுதோ என்று அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அரை வருடத்தில் வேலைக்குத் திரும்பினார். வாய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, கண்ணும் ஒரு வருடத்தில் முக்கால்வாசி மூடத் தொடங்கியது. பார்வை வரவில்லை. நடக்கும்போது கால்களை அகட்டி வைத்து, ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு போவார். வயர்லெஸ்ஸில் முன்புபோலவே கதைத்தார். படியேறி வந்தவர்களுக்கு முன்புபோலவே பதில் சொன்னார். என்னோடும் வித்தியாசமில்லை. வித்தியாசமில்லாததுதான் எனக்குப் பொறுக்க ஏலாமல் இருந்தது. மூன்று வருடம் கழித்து வேலையை விட்டுக் கட்டைபறிச்சானுக்கே போய்விட்டார்.

போய் நாலு வருடமும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன வருடம்தான் போனேன். எதற்கென்று கேட்டால், என் புருசனுக்கு முகத்தில் ஒரு பக்கம் இழுத்து, நானே அவருடைய கண்ணுக்குத் துளி விட்டேன். ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அந்த ஒரு மாதமும் ஒருநாளும் முகம் திருப்பவில்லை. அப்படியென்றால் என்னால் முடியும்தானே என்ற எண்ணம் வந்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை.

தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு சின்ன வீடு. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு, "வா, இரு" என்று கதிரையைக் காட்டினார். நான் அவருடைய வலப்பக்கம் இழுத்துப் போட்டு இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமல் ஒட்டியதை, சிவந்ததைக் கண்டும் சொல்லாததை, எல்லாம்.

அவர் கத்தியைக் கழுவி வைத்தார்.

"எனக்குத் தெரியும். மற்றக் கண் திறந்துதானே கிடந்தது. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒட்டினது முழுக்கத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அக்கா சொல்லேல்லை?" என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? என்ர முகத்தைப் பார் எண்டோ? எனக்கு வெட்கமாய் இருந்தது. எல்லாத்தையும் முகத்துக்கு நேரை சொல்லுற நான் அதை மட்டும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் கண் நிண்டிருக்கும்." வெட்டின மீனை அடுப்பில் கொதித்த குழம்புக்குள் போட்டார். "அதுதான் டாக்குத்தரிட்டை நான் எண்டு சொன்னது. அரைவாசி உண்மைதானே."

"என்னிலை கோவமா அக்கா?"

"ஓம்" என்றார்.

இல்லை என்பார் என்று எதிர்பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அது அப்போதுதான் எனக்கே விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டு எழும்பினேன்.

"எங்கை போறாய்? கோவம் இருக்குது, அது இருக்கும். அதுக்காகச் சாப்பிடாமல் போவியோ? இரு."

சோறு போட்டு, மீன்குழம்பு விட்டார். எனக்கு எதிரே இருந்து, நான் முதல் வாய் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் காணுமோ? எனக்கு நாக்கிலை ஒரு பக்கம் ருசி தெரியாது. உன்னட்டைத்தான் கேக்கவேணும்."

"காணாது அக்கா" என்றேன்.

அவர் எழும்பி, ஒரு விரலால் சுவரைத் தொட்டபடி போய் உப்புப் போத்தலை எடுத்து வந்தார்.